அந்தோணியார் கண்டெடுத்த இரும்புக் கம்பி

"ஓராண்டு கடுங்காவல்" என்று கோர்ட்டில் வாசித்தபோது, என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம், "கொஞ்சம் உக்காந்துக்கலாங்களா?" என்று கேட்டார். அப்படிப்பட்ட மனிதர். அவரைத்தான், பக்கத்து வீட்டுக்காரரின் கையை இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தவர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நான் கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து அழுத அழுகை ஆண்டவருக்குத்தான் தெரியும். அப்பீல் செய்ய அவகாசம் கேட்டு, இரண்டு பேர் ஜாமீன் நின்று, அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஆனால் மேல்கோர்ட்டும் கைவிட்டால் ஜெயில்தான். இந்த வயதில், ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு, அவர் ஜெயிலுக்குப் போனால் திரும்பி வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இருட்டிலிருந்து எங்களைத் தூக்கிவிட்ட கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் லூர்துமேரி. சேலம் சூரமங்கலத்தில் குடியிருக்கிறோம். அவர் பெயர் ஆரோக்கியசாமி. ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பச்சைக் கொடி, சிவப்புக் கொடி காட்டியே காலத்தைக் கழித்ததாலோ என்னவோ, வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால்கூட முறத்தில் ஏந்திக்கொண்டு போய் வாசலில் விடுவார். அடிப்பது, திட்டுவது எல்லாம் எங்கள் வீட்டில் என்னுடைய இலாகா. கேஸை என் மேல் போட்டிருந்தால் தெருவே நம்பியிருக்கும்.

நடந்தது இதுதான். எங்கள் முருங்கைமரத்தின் கிளை ஒன்று சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் சாய்ந்திருந்தது. அந்த வீட்டுக்காரர் பழனியப்பன். திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்குழாய் போடும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போய் வந்தவர். வயதான பிறகு மகனிடம் வண்டியை விட்டுவிட்டு இங்கே வந்து குடியேறினார். முருங்கைப் பூ அவர் தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது என்று எனக்கும் அவருக்கும் ஓயாத வாய்ச்சண்டை. ஒருநாள் காலையில் அவரே பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, கிளையை வெட்ட ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "பாத்துங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. ஸ்டூல் சறுக்கியது. பழனியப்பன் துவைக்கிற கல்மேல் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

சாயங்காலம் போலீஸ் ஜீப் வந்து எங்கள் வாசலில் நின்றது. சுவர் ஏறிக் குதித்து இரும்புக் கம்பியால் அடித்தாராம்! அறுபதைத் தாண்டியவர், பஸ் படி ஏறவே என் தோளைப் பிடிப்பவர், சுவர் ஏறிக் குதித்தாராம்! அவரை ஜீப்பில் ஏற்றியதும் நான் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கதவைச் சாத்தவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வீடு கலைந்து கிடந்தது. யாரோ ஒரு போலீஸ்காரர் வந்து தேடி, "கம்பியை" எடுத்துக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் ஏது கம்பி? எனக்கு ஒன்றும் புரியவில்லை. போதாக்குறைக்கு, பரணில் வைத்திருந்த மெழுகுவர்த்தியையும் காணோம். அது சாதாரண மெழுகுவர்த்தி இல்லை. மகள் ரோசிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்தால் இடுப்பு உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்திருந்தேன். பேரன் பிறந்தான். மெழுகுவர்த்தியை வாங்கி, நானே ஜிகினா ஒட்டி, ரோசாப்பூ ரிப்பன் கட்டி, உடையாமல் இருக்கச் செய்தித்தாளில் சுருட்டிப் பரணில் வைத்தேன். மகள் பிள்ளையோடு வந்ததும் கோயிலுக்குப் போகலாம் என்றிருந்தேன். அதற்குள் இந்தக் கலவரம். மெழுகுவர்த்தி போன இடம் தெரியவில்லை. "எங்க வச்சீங்க?" என்று அவரைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன். பழனியப்பன் பெண்டாட்டி மேலும் எனக்குச் சந்தேகம். ஒவ்வொரு செவ்வாயும் அந்தோணியாரிடம், "தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தர்றவரே, உம்ம மெழுகுவர்த்தியை நீரே தேடிக்கும்" என்று சொல்லிவிட்டு வருவேன். நேர்ச்சை செலுத்தாததால்தான் கேஸ் வந்தது என்றும் உள்ளுக்குள் ஒரு பயம்.

கீழ்க்கோர்ட்டில் விசாரணை நடந்தபோது, துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்த நீளமான பொட்டலம் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்கள். பழனியப்பன் சாட்சிக் கூண்டில் நின்று, "ஆமாங்க, இதே கம்பிதானுங்க" என்றார். துணியைப் பார்த்தே கம்பியைக் கண்டுகொண்ட ஞானக்கண்! "பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க சார்" என்று எங்கள் அப்போதைய வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர், "சும்மா இரும்மா! உள்ள ரத்தக்கறை கிறை இருந்து தொலைஞ்சா நாம காலி" என்றார். நானும் கையை எடுத்துவிட்டேன். போலீஸ் எந்தக் கம்பியை உள்ளே வைத்திருக்கிறதோ யார் கண்டது? பொட்டலம் பிரியாமலே தீர்ப்பு வந்தது.

அப்பீலுக்கு வேறு வக்கீலைப் பிடித்தோம். கௌரி என்று ஓர் அம்மா. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். பேச்சில் தயவுதாட்சண்யம் கிடையாது. செசன்ஸ் ஜட்ஜ் முன்னால் சொல்வதற்கென்று நான் முருங்கைக்கன்று நட்ட நாளிலிருந்து எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"அம்மா, அப்பீல்ல நீங்க பேச முடியாது" என்றார் கௌரி.

"ஏன்? நான்தானே பக்கத்துல இருந்து பார்த்தவ?"

"அது கீழ்க்கோர்ட்டோட முடிஞ்சுது. உங்க சாட்சியமும் கேஸ் கட்டுலதான் இருக்குது. மேல்கோர்ட்டு மறுபடி முதல்லேர்ந்து விசாரிக்காது. கீழ எழுதுன சாட்சியத்தை எல்லாம் ஜட்ஜே படிச்சுப் பார்ப்பார். அதை வச்சு இந்தத் தண்டனை நிக்குமா, நிக்காதான்னு பார்ப்பார்."

"பேசாம எப்படிம்மா நியாயம் கிடைக்கும்?"

"உங்க வீட்டுக்காரர் பேசாமதான இருக்காரு? அவரைப் பாருங்க" என்றார். வக்கீல் என்றும் பார்க்காமல் முறைத்தேன்.

கௌரி கட்டு முழுவதையும் படித்தார். எலும்பு முறிவுக்கு வைத்தியம் செய்த டாக்டர், குறுக்கு விசாரணையில், "கல்லில் விழுந்தாலும் இப்படி முறியலாம்" என்று சொல்லியிருந்தார். கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அது போதுமே என்று நான் சந்தோஷப்பட்டால், அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பொட்டலத்தை வரவழைச்சுப் பிரிக்கச் சொல்லி மனு போடப்போறேன்."

"ஐயோ, வேண்டாம் தாயி!"

"உங்க வீட்டுல கம்பியே இல்லன்னீங்க. அப்போ பயம் என்னத்துக்கு?"

அவர் மனுப் போட்டார். ஜட்ஜ் அய்யாவும் பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஆனால் பொட்டலம் வரவில்லை. வாய்தாவுக்கு வாய்தா, "தேடிக்கிட்டு இருக்கோம்" என்றே பதில் வந்தது. பழைய சைக்கிள், கள்ளச்சாராயக் கேன் என்று ஒரு தகரக் கொட்டகை நிறைய, கேஸ்களில் பிடித்த சாமான்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆண்டவரே கம்பியை மறைத்துவிட்டார்! அந்தச் செவ்வாயே அந்தோணியார் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். "மெழுகுவர்த்தியை அப்புறம் பார்த்துக்கலாம், சாமி. இப்போ அந்தக் கம்பி மட்டும் யார் கண்ணுலயும் படக்கூடாது" என்று உருகி மன்றாடினேன்.

வெளியே வந்ததும் என் நாத்தனார் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களுக்குப் புத்தி இருக்கா? காணாமப் போனதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கறதுதான் அவர் வேலையே. அவர்கிட்டப் போயி ஒளிச்சு வைன்னு கேட்டிருக்கீங்க! நீங்க ஞாபகப்படுத்தலன்னா சும்மாவாவது இருந்திருப்பாரு!"

திரும்பி உள்ளே ஓடினேன். அந்தோணியாரிடம் கொடுத்த மனுவை எப்படித் திரும்பப் பெறுவது? கீழே தப்பாகிவிட்டால் மேலே போகலாம் என்று கோர்ட்டு கற்றுக்கொடுத்திருந்ததே. நேரே மாதா சுரூபத்துக்குப் போனேன். "அம்மா, அவர்கிட்ட விவரம் புரியாமக் கேட்டுட்டேன். நீங்க கொஞ்சம் தடுத்து வைங்க" என்று அப்பீல் செய்தேன்.

அடுத்த வாய்தாவிலேயே பொட்டலம் வந்துவிட்டது. மாதா என் அப்பீலைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

அன்று கோர்ட்டு ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலையைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எனக்குப் பக்கத்தில். எதிர்ப்பக்கம் பழனியப்பன், தோளில் துண்டோடு. பொட்டலத்தைப் பார்த்ததுமே ஜட்ஜ் அய்யா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். காரணம், பொட்டலம் நேராக இல்லை. நடுவில் வளைந்து, நுனியில் இன்னொரு முறை வளைந்திருந்தது.

"இரும்புக் கம்பின்னுதான எழுதியிருக்கீங்க?" என்று அரசு வக்கீலைக் கேட்டார்.

"ஆமாங்க, யுவர் ஆனர்."

"முத்திரை உடையாம இருக்குதா?"

"இருக்குதுங்க."

"பிரிங்க."

ஊழியர் அரக்கை உடைத்தார். துணியை விலக்கினார். உள்ளே செய்தித்தாள். அந்தச் செய்தித்தாளைச் சுற்றியிருந்த சணல் முடிச்சு நான் போடுகிற முடிச்சு. தாளைக் கிழித்ததும் ஹால் முழுவதும் கோயில் வாசம் அடித்தது. சேலத்து வெயிலில் உருகி, எந்தச் சைக்கிளுக்கு அடியில் நசுங்கியதோ, புடலங்காய் மாதிரி நெளிந்து, ஜிகினாவோடும் ரோசாப்பூ ரிப்பனோடும் மேசைமேல் படுத்திருந்தது.

"ஐயய்யோ! இது என் மெழுகுவர்த்தி!" என்று எழுந்து நின்று கத்திவிட்டேன். அப்பீலில் பேசக்கூடாது என்று சொன்னார்களே, அதெல்லாம் ஞாபகமே இல்லை. கோர்ட்டுச் சேவகர் டவாலி ஓடி வந்து, "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்றார். கௌரி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பா கோபமா தெரியவில்லை. நான் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டேன்.

ஜட்ஜ் அய்யா நான் கத்தியதைக் காதில் வாங்காதவர் போலவே இருந்தார். ரொம்ப நேரம் அந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். "இரும்புக்குப் பேர் போன ஊரு. இங்க இருந்துக்கிட்டு இரும்பு எதுன்னு தெரியலையா?" என்றார். அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். பழனியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "நான் தொலைக்கலைன்னு சொன்னேன்ல?"

தீர்ப்பை உடனே சொல்லிவிடவில்லை. மெழுகுவர்த்தி ஒன்றுக்காக மட்டும் விடவும் இல்லை. டாக்டர் சொன்னதைக் கீழ்க்கோர்ட்டு கவனிக்கவில்லை, பிரித்துப் பார்க்காத பொட்டலத்தைச் சாட்சி அடையாளம் காட்டியதை நம்ப முடியாது என்று காரணம் காரணமாக எழுதி, சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, தண்டனையை ஜட்ஜ் அய்யா ரத்து செய்தார். "அதென்னம்மா சந்தேகம்? சந்தேகமே இல்லாம விட்டுருக்கலாமில்ல?" என்று கௌரியிடம் சண்டைக்குப் போனேன். "விடுதலை விடுதலைதான்மா. ஊட்டுக்குப் போங்க" என்றார். நாங்கள் படி இறங்கும்போது என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்தார். கடைசிப் படி இறங்கியும் விடவில்லை. இத்தனை மாதமும் இந்த மனிதர் வாய் திறவாமல் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோர்ட்டு வாசலில் மறுபடியும் அழுதேன். இந்த அழுகை வேறு.

அதற்கு மேலே ஹைகோர்ட்டு இருக்கிறது. பழனியப்பன் அங்கே போவாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. எங்கள் மரத்துக் கீரை!

"ஏனுங் அம்மிணி, அண்ணன் இருக்காருங்களா?"

அவராகவே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ரிக்கு வண்டி உச்சியில ஏறி நின்னவனுங்க நானு. பிளாஸ்டிக் ஸ்டூல்ல இருந்து உழுந்தேன்னா சனம் சிரிக்குமுங்க. ஆஸ்பத்திரியில கேட்டாங்க, அடிச்சுட்டாருன்னு வாயில வந்துருச்சு. எதுலன்னாங்க, கம்பின்னு வந்துருச்சு. அப்புறம் அதை உழுங்கறக்கு முடியலீங்க" என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வசவு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் என் வீட்டுக்காரர், "மேரி, காப்பி போடு" என்றார். போட்டேன். வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். பழனியப்பன் குடித்துவிட்டு, "எனக்குச் சக்கரை இருக்குதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்? மகராசியா இருங்க" என்று கும்பிட்டார். பழிவாங்கக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவர் போன பிறகு சிரித்தேன். சிரித்த பிறகு மன்னிக்காமல் இருக்க முடியவில்லை.

அன்பானவர்களே, நான் மெழுகுவர்த்தியைக் கேட்டேன், கம்பியை மறைக்கக் கேட்டேன். இரண்டும் ஒரே பொட்டலம் என்று எனக்குத் தெரியாது, மேலே இருப்பவருக்குத் தெரிந்திருந்தது. மறைத்துக் கொடுத்திருந்தால் நாங்கள்தான் மாட்டியிருப்போம். இப்போதெல்லாம் என் கஷ்டத்தைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று வழி சொல்லிக்கொடுப்பதில்லை. என்னைப் போல வாய் நீளமானவளுக்கு இது பெரிய மாற்றம் என்று என் தெருவே சாட்சி சொல்லும். நீங்களும் கோர்ட்டிலோ ஆஸ்பத்திரியிலோ எதற்காவது காத்திருந்தால், நம்பிக் கேளுங்கள். நீங்கள் பயந்து நடுங்கும் பொட்டலத்துக்குள்ளேயே உங்கள் விடுதலை இருக்கலாம்.

நேர்ச்சை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் மெழுகுவர்த்தியைக் கோர்ட்டிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். ரோசி பிள்ளையோடு வந்தாள். நெளிந்த மெழுகுவர்த்தியை, கோர்ட்டு ஒட்டிய சீட்டோடு, கோயில் வளாகத்தில் குகை மாதிரி கட்டியிருக்கும் அந்தோணியார் கெபிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பழனியப்பனும் கூட வந்தார். ஏற்றினோம். ஆனால் அது நிற்கமாட்டேன் என்கிறது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் விழுகிறது. கடைசியில் பழனியப்பன், "நவுருங்க, நான் புடிச்சுக்கறேனுங்க" என்று முன்னால் வந்து, முறிந்து கூடிய அந்தக் கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மெழுகு உருகி இறங்க ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னார்:

"பாத்துங்க. கம்பி சுடும்."