லேபிள் அக்கா நறுக்கிய மூன்று வால்கள்

மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் இருபத்திரண்டு வருடம் நோயாளிகளின் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவளுக்கு வீடும் இன்னொரு ரெக்கார்டு ரூமாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் லேபிள் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லித் தேடிக்கொண்டு போனால் வாசல் காவலாளி "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வீட்டில் சுவிட்சுகளுக்கு லேபிள் உண்டு, மருந்து டப்பாக்களுக்கு உண்டு, இரண்டு குடைகளுக்கும் உண்டு. கணவரின் பல் பிரஷ்ஷில் "இவருடையது" என்று ஒட்டியிருப்பாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான், ஆனாலும் குழப்பம் வந்துவிடக் கூடாது பாருங்கள்.

ரெக்கார்டு ரூமில் ஒரு சட்டம் இருந்தது. பழைய லேபிளில் இருப்பதை நோட்டில் எழுதிக்கொள்ளாமல் அதைக் கிழிக்கக் கூடாது. அந்தச் சட்டத்தையும் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நீல அட்டை போட்ட நோட்டு. இடது பக்கம் பழைய பெயர், வலது பக்கம் புதிய பெயர். சர்க்கரை டப்பா ரவை டப்பாவாகப் பதவி மாறினால்கூட அதில் ஏறிவிடும்.

கணவர் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன்னால் கண் டாக்டர் வலது கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே போகிற பஸ்களெல்லாம் கியர் மாற்றும் அழகைக் குறை சொல்வதுதான் அவர் உத்தியோகம். பஸ் கம்பெனி ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு தேர்வு எழுத வேண்டும். தேறினால் டிப்போவில் டைம் கீப்பர் நாற்காலி. தேறாவிட்டாலோ, நேரத்துக்கு உட்காராவிட்டாலோ, ஆயுசுக்கும் சோபாதான்.

தேர்வுக்கான மென்பொருளைப் புதுப்பிக்க மூன்று ஃபைல்களை இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதற்கான லிங்க் ஒரு முறைதான் வேலை செய்யும் என்றும் எழுதியிருந்தது. முந்தின நாள் சாயங்காலமே மனுஷர் பொறுப்பாக மூன்றையும் இறக்கி வைத்துவிட்டார். தேர்வன்று காலை பத்து மணிக்கு முதல் ஃபைலைத் தட்டினார். திறக்கவில்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அதே கதை. வெள்ளைக் காகிதப் படம் போட்டுக்கொண்டு மூன்றும் அசையாமல் நின்றன. இதை எதைக் கொண்டு திறப்பது என்று கம்ப்யூட்டர் அவரையே திருப்பிக் கேட்டது. போட்டோ பார்க்கிற செயலியைக் காட்டினார், பாட்டு கேட்கிற செயலியைக்கூடக் காட்டினார். எதுவும் நடக்கவில்லை. தேர்வு பதினோரு மணிக்கு.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற அவள், தன் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கை ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடுகிறவள். பில் போட்டுக்கொண்டே பாதி வைத்தியம் கற்றுக்கொண்டவள்.

"அக்கா, ஃபைல் பேருக்குக் கடைசில ஒரு புள்ளி, அப்புறம் மூணு இங்கிலீஷ் எழுத்து இருக்கணும். இருக்கா?"

"இல்லடி. தேர்வு ஒண்ணு, தேர்வு ரெண்டு, தேர்வு மூணுன்னு அழகா இருக்கு."

"யாரோ பேர மாத்தி வால நறுக்கியிருக்காங்க. அந்த வாலப் பாத்துதான் அது என்ன ஃபைல்னே கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வால் இருக்கலாம், நான் இங்கேருந்து எப்படிச் சொல்றது?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நேற்று அவர் குளிக்கப் போன நேரத்தில் அந்த ஃபைல்களைப் பார்த்தாள். எண்ணும் புள்ளியும் கோடுமாக ஒரு முழ நீளத்துக்குப் பெயர். பொறுக்குமா? சுத்தம் செய்துவிட்டாள். வாலை மாற்றினால் ஃபைல் கெட்டுப்போகலாம், பரவாயில்லையா என்று திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்துக் கேட்கத்தான் செய்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்துக்கு முன்னால் ஒரு பெட்டி என்ன பெரிய இது? "ஆம்" என்று தட்டிவிட்டாள்.

தங்கை சொன்னது அவர் காதில் விழவில்லை. வெள்ளைப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"நேத்து நான்தான் எதையோ அழுத்திக் கெடுத்துட்டேன் போல. கண்ணுதான் போச்சுன்னு பாத்தா, இப்ப கையும் போயிடுச்சு."

தப்பிக்க இதைவிட நல்ல வழி அவளுக்குக் கிடைக்காது. அவர் பழியைத் தன் தலையில் தானே தூக்கிப் போட்டுக்கொண்டார், இவள் பேசாமல் இருந்தால் போதும். அரை நிமிடம் பேசாமல்தான் இருந்தாள். பிறகு நாலு மாதமாக அவர் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்த விதம் ஞாபகம் வந்தது. தன்மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"நீங்க இல்லைங்க. நான்தான். நீங்க குளிக்கப் போனப்ப பேரெல்லாம் மாத்தினேன்."

"ஃபைலுக்குமா?"

"ம்."

"என்னைக் கேக்காமலா?"

"பிரஷ்ஷுக்குக் கேட்டேனா?"

வேறு யாராவது என்றால் வீடு இரண்டாகியிருக்கும். அவருக்கும் கோபம் வராமல் இல்லை, காது மடல் சிவந்தது. ஆனால் அந்த வீட்டில் அத்தனை வருடம் குப்பை கொட்டியவர் இல்லையா?

"நோட்டுல எழுதினியா?" என்றார்.

பதற்றத்தில் அது அவளுக்கு மறந்தே போயிருந்தது. ஓடிப்போய் நீல நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில், இடது பக்கம், மூன்று நீளப் பெயர்களும் எண், புள்ளி, கோடு, வால் என்று ஒன்று விடாமல் உட்கார்ந்திருந்தன. அவள் எழுத்து எழுத்தாக வாசித்தாள். அவர் இடது கண்ணைத் திரைக்கு நெருக்கி ஒவ்வொன்றாகத் தட்டினார்.

"புள்ளிய விட்டுடாதீங்க."

"பஸ்ஸே ஓட்டியிருக்கேன், ஒரு புள்ளிய விடுவேனா?"

வெள்ளைக் காகிதப் படங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறின. மூன்றாவது ஃபைல் திறந்து, மென்பொருள் புதுப்பித்துக்கொண்டு அவர் முகத்தைக் கேமராவில் பிடித்துத் திரையில் காட்டியபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. அவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று நகத்தைக் கடித்தாள்.

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. திரையில் "தேர்ச்சி" என்று பச்சையில் இருந்தது. அவர் நோட்டையும் பேனாவையும் கேட்டு வாங்கினார்.

"உன் போன்ல என் பேரு இன்னும் டிரைவர்னுதான் இருக்கு. போன மாசமே பாத்தேன். ஒண்ணு விடாம மாத்துறவ, இத மட்டும் ஏன் மாத்தல?"

"புதுப் பேரு வர்ற வரைக்கும் பழசக் கிழிக்கக் கூடாது. எங்க ரூம் சட்டம்."

அப்படி ஒரு சட்டம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குனிந்து இடது பக்கம் "டிரைவர்" என்று எழுதினார், வலது பக்கம் "டைம் கீப்பர்" என்று எழுதினார். நோட்டை அவளிடம் நீட்டினார்.

"இப்ப கிழிச்சுக்க" என்றார்.