எட்டாவது சொற்பொழிவும் ஒரு பலாமரமும்

கொல்லிமலைச் செம்மேட்டில் கண்டக்டர் முருகானந்தம் அமெரிக்காவைப் பற்றிப் பேசியபோது, கூட்டம் கடைசிக் கொண்டை ஊசி வளைவு வரை நின்றது என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். வந்தவர்கள் பதினேழு பேர். அதிலும் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

முப்பது வருஷம் மலைக்கும் நாமக்கல்லுக்கும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த மனிதர். ஓய்வு பெற்றதும் ஒஹாயோவில் மகள் ராதிகா வீட்டில் ஆறு மாதம் இருந்தார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, பேச ஆளில்லாமல் பக்கத்து நூலகத்தில் போய் உட்கார்ந்தார். அங்கேயும் பேசக் கூடாதாம். ஆறு மாதப் பேச்சை அடக்கி வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர், ‘அமெரிக்கச் சமூக நிறுவனங்கள்: வரலாறும் எதிர்காலமும்’ என்று பத்துச் சொற்பொழிவுகளை அறிவித்தார். சந்தை நாள்தோறும், சந்தைக் கொட்டகையில்.

முதல் பேச்சு குடும்பம். "அங்க பதினெட்டு வயசானா புள்ளைங்க தனியாப் போயிருவாங்க" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துப் பாவாயி எழுந்தாள். "ஏனுங்க கண்டக்டரே, எங்கூட்டுப் பையனுக்கு நாப்பது ஆச்சுங்க. இப்பக் கொண்டுபோய் உட்டாச் சேத்துக்குவாங்களா?"

இருவர் தோட்டத்துக்கும் நடு வரப்பில் ஒரு பலாமரம். தன் அப்பா நட்டது என்பார் அவர். தன் மாமியார் நட்டது என்பாள் அவள். ஊர்க்கவுண்டர் மூன்று முறை கூட்டம் போட்டும் தீரவில்லை. கவுண்டர் பாவாயிக்குக் கொழுந்தன் என்பது முருகானந்தத்தின் குறை. முருகானந்தம் கவுண்டருக்கு மச்சான் என்பது பாவாயியின் குறை.

எட்டாவது பேச்சு ஜூரி. "முன்னப் பின்னத் தெரியாத பன்னெண்டு பேரு. சொந்தம் கூடாது, பகை கூடாது. அவங்க ஒரே முடிவாச் சொல்லிப்போட்டா மறுபேச்சே இல்லீங்க" என்றார். அமெரிக்காவிலேயே ஜூரி விசாரணை அருகி வருகிறதாம். அதைக் காப்பாற்றும் பொறுப்பு இனிக் கொல்லிமலைக்குத்தானாம். முதல் வழக்கு எது என்று யாரும் கேட்கவில்லை.

"நம்ம மலையில சொந்தமில்லாத பன்னெண்டு பேருக்கு எங்கீங்க போறது?" என்றாள் பாவாயி.

அந்த நேரம் பார்த்து, அருவிக்குப் போகும் கர்நாடக வேன் ஒன்று டீக்கு நின்றது. டிரைவரோடு பன்னிரண்டு பேர். முருகானந்தம் விசிலடித்து, "முன்னால போங்க, முன்னால போங்க" என்று அவர்களைக் கொட்டகைக்குள் ஏற்றி, பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார். என் பேத்தி கோகிலா செல்போனில் படம் பிடித்தாள்.

இரு தரப்பும் அரைமணி நேரம் வாதாடினார்கள். ஜூரிக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நடுநிலைக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்து, சாட்சியாக அந்த மரத்துப் பழம் ஒன்றை அறுத்து வைத்தார்கள். ஜூரி சாட்சியைச் சுளை மிச்சமில்லாமல் விசாரித்தது.

பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து கன்னடத்தில் இரண்டு வரி சொன்னார். மற்ற பதினொரு பேரும் தலையாட்டினார்கள். ஓசூர்ப் பக்கம் இருபது வருஷம் பாடம் நடத்திய எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. மொழிபெயர்த்தேன்: "மரம் பாவாயிக்கே."

முருகானந்தம் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார். "மறுபேச்சில்லைன்னு நாந்தானுங்க சொன்னேன்" என்று மெல்லச் சொல்லி அதை அணைத்தார். மறுநாள் காலையில், அந்த மரத்தில் ஏற்றியிருந்த தன் மிளகுக் கொடியை ஒவ்வொரு கணுவாகப் பிரித்து இறக்கினார். ஒன்பதாவது சொற்பொழிவின் தலைப்பையும் மாற்றிவிட்டார்: மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்.

இதை எனக்காக டைப் அடிக்கும் கோகிலா இந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மாயி, ஓசூர்ல உங்க கூட இருந்து படிச்ச எனக்கும் கன்னடம் தெரியுமுங்க, வீடியோவும் இருக்குது. அந்த மீசைக்காரர் மரத்தப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்க. ‘பழம் நல்லா இருக்குது, வண்டிக்கு ரெண்டு கெடைக்குமா’ன்னுதான் கேட்டாரு. அன்னைக்குச் சாயங்காலம் பாவாயி ஆத்தா நம்மூட்டுக்கு ஒரு முழுப்பழம் கொண்டாந்து வெச்சுட்டுப் போனாங்களே, அதையும் எழுதட்டுங்களா?"