நெற்றியில் ஒட்டிய விதை

முழங்கால் நோவால் உதயகலா வெங்காயத் தோட்டத்துக்கு இறங்குவதை விட்டுவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கணவர் கனகரத்தினத்தோடு சேர்ந்து குனிந்து புல்லுப் பிடுங்கியவளுக்கு, இப்போது தோட்டமென்றால் குசினி மேசையில் இருக்கும் மாஜரீன் டப்பாக்கள்தாம். அவற்றில் கள்ளி வளர்த்தாள்.

"ஆக்கள் முள்ளை வேலிக்கு வைப்பினம். இவ குசினிக்குள்ளை வைச்சிருக்கிறா," என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அவர் சொல்லிச் சிரிப்பார்.

மார்கழி மழையில் கூரை ஒழுகி, பூத்து ஓய்ந்திருந்த இரண்டு உருண்டைக் கள்ளிகளும் அழுகிப்போயின. அவற்றிலிருந்து எடுத்திருந்த விதை மட்டுமே மிஞ்சியது. கரித்தூள் போன்ற விதை. மூச்சுப் பட்டாலே பறக்கும். விசிறிக் காற்றுக்குப் பயந்து, கடதாசியில் மடித்துச் சாமித்தட்டில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, விதைக்கிற மண்ணுக்குச் சுடுதண்ணீர் ஊற்றி ஆறவைத்துவிட்டு விதை எடுக்க வந்தாள். குளித்துத் திருநீறு பூசி, சாமித்தட்டுக்கு முன்னால் நின்ற கனகரத்தினம் அவள் பக்கம் திரும்பினார். புருவங்களுக்கு நடுவே பெரிய கறுப்புப் பொட்டு. தட்டில் கடதாசி வெறுமையாகக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, நெத்தியிலை என்ன?"

"ஓமக்கரி. கோயிலாலை கொண்டுவந்து வைச்சனீர் எண்டு நினைச்சன். ஒட்டுதில்லையப்பா, தண்ணி தொட்டு அப்பினன்."

"ஐயோ, அது என்ரை கள்ளி விதை!"

அவர் கை நெற்றிக்குப் போனது.

"தொடாதேங்கோ! மூச்சும் பெரிசா விடாதேங்கோ!"

கதிரையில் இருத்தி, மடியில் டப்பாவைக் கொடுத்து, தலையைக் குனிய வைத்தாள். ஈரத் தூரிகையால் ஒற்றி ஒற்றி மண்ணில் தட்டினாள். பாதி மூக்கில் விழுந்தது. அவருக்குத் தும்மல் முட்டியது.

"தும்மினா இண்டைக்குச் சோறில்லை."

கண்ணால் நீர் வழிய அடக்கிக்கொண்டார்.

அந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். மேலே மண் போடக்கூடாது. டப்பாவைப் பொலித்தீனால் மூடிக் கட்டி, ரியூப் லைற்றுக்குக் கீழே வைத்தாள். முளைக்குமென்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை. அன்று முழுக்க அவரோடு கதைக்கவும் இல்லை.

அதன்பின் தோட்டத்தால் வந்ததும் கை கழுவாமலே பொலித்தீனுக்குள் எட்டிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. ஒருநாள் மெதுவாகக் கூப்பிட்டார்.

"கலா, பாசி பிடிச்சிட்டுது போலை. பச்சையாக் கிடக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்தாள். பாசி இல்லை. குண்டூசித் தலையிலும் சிறிய பச்சை உருண்டைகள், அங்கொன்றும் இங்கொன்றுமாக.

"முளைச்சிட்டுதப்பா," என்றாள்.

"தண்ணி விடட்டே?"

"ஒண்டும் செய்யாதேங்கோ. சும்மா இருங்கோ."

சும்மா இருப்பது அவருக்கு வராத வேலை. என்றாலும் கதிரையை இழுத்துப் போட்டு, அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.