பெருநாளுக்கு முன் பார்த்த படம்

என் நண்பன் ரஃபீக்குக்கு நான் துரோகம் செய்தேன்.

போன வாரம் டிவியில் ஒரு மாயாஜாலப் படம் பார்த்த பேத்தி, "புக்ல இப்டி இல்ல தாத்தா, ஏமாத்திட்டாங்க" என்று கத்தினாள். சின்ன வயதில் மேல்விஷாரத்தில், தோல் பதனிடும் ஷாப்புச் சுவரோரம், சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில், நானும் ரஃபீக்கும் மாறி மாறிப் படித்த பறக்கும் குதிரைக் கதைகள் நினைவுக்கு வந்தன. கடைசிப் பாகத்தில் குதிரை செத்தபோது இருவரும் அழுதோம்.

அந்தக் கதை படமாகி வந்தது ரம்ஜான் மாதத்தில்.

"நோன்புல சினிமா கூடாது. பெருநாளன்னிக்கு சேந்து போலாம், தோஸ்த்" என்றான் ரஃபீக். தலையாட்டிவிட்டு, மறுநாளே வேறு பையன்களோடு வேலூர் போய்ப் பார்த்துவிட்டேன். பெருநாளுக்குள் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அவன் என்னோடு பேசுவதை நிறுத்தினான்.

நேற்று அந்தப் படத்தைப் போனில் தேடியெடுத்து அவன் வீட்டுக்குப் போனேன். வாய் திறக்காமல் முழுதும் பார்த்தான். முடிவில் குதிரை உயிரோடு பறந்துபோனது.

"இன்னாடா இது, குதிரை சாவலியா? இந்தக் குப்பைக்கா என்னை வுட்டுட்டுப் போன?"

அத்தனை வருடங்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.