வெள்ளிக்கிழமை வரைக்கும்

எங்கள் தெருவில் இப்போது எனக்கு நல்ல பெயர். பால் வாங்கப் போனால் கடைக்காரர், "பெத்த புள்ளகூட இந்த மாதிரி பாக்க மாட்டான்பா" என்கிறார். பெரியப்பா போனதிலிருந்து பெரியம்மா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் என்னைக் காட்டி, "இவன்தான் அவர நல்லபடியா அனுப்பி வெச்சான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றால், பாவம், அவளுக்கு மிச்சமிருக்கும் ஆறுதல் அது ஒன்றுதான். அதனால் அவள் படிக்காத இடத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு பொம்மைப் படத்தால் வந்தது.

பொம்மைப் படம் என்று சொல்வது பெரியப்பா. எங்களுக்கு அது கொக்குப் படம். வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு நாட்டில், வீடு வீடாகத் தபால் கொண்டுபோகும் ஒற்றைக்கண் கொக்கின் கதை. மூன்று பாகம் வந்துவிட்டது. முதல் பாகம் வந்தபோது பெரியப்பாவின் மகள், என் தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நான்தான் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். இடைவேளையில் பாப்கார்ன்கூட வேண்டாம் என்று அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்த பைத்தியம். இப்போது அவள் ஏனாத்தூரில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். நான் பட்டுக்கடைகளுக்குச் சேலையைப் படம் பிடித்து, நிறம் சரிசெய்து, இணையத்தில் ஏற்றிக் கொடுக்கிறேன். எனக்கு மீசையில் நரை வந்தாயிற்று, பைத்தியம் மட்டும் தெளியவில்லை.

இந்த வருஷம் வந்தது நான்காம் பாகம் அல்ல. முதல் பாகத்துக்கு முன்னால் நடந்த கதை. கொக்குக்கு ஒரு கண் எப்படிப் போனது, அதை வளர்த்த அண்ணன் கொக்கு எப்படிப்பட்டது என்று சொல்லப்போகிறார்கள். அண்ணன் கொக்கு வெள்ளத்தில் செத்துப்போனதை முதல் பாகத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் வருஷக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். அண்ணன் தெரிந்தே போய் விழுந்தது என்பது அவள் கட்சி. தவறி விழுந்தது என்பது என் கட்சி. முன்னோட்டம் வெளியான அன்று ஆபீஸிலிருந்தே போன் பண்ணினாள்.

"அண்ணா, கடைசில அண்ணன் கொக்கோட ரெக்கைய நிறுத்திப் பாரு. அடிபட்டிருக்குது! அடிபட்ட ரெக்கையோட எவனாச்சும் வெள்ளத்துக்கு மேல பறப்பானா? தெரிஞ்சேதான் போவுது. நான் அப்பவே சொன்னேன்ல?"

பக்கத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு அதெல்லாம் கவலையே இல்லை.

பெரியப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்போதே வயிற்றுவலி ஆரம்பித்திருந்தது, ஆனால் வாய் குறையவில்லை. "அந்த அண்ணன் கொக்கு செத்துப்பூடும்னு தெரிஞ்சிபோச்சில்ல? அப்புறம் இன்னாத்துக்குடா துட்டு குடுத்துப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"செத்தது தெரியும் பெரியப்பா. எப்படி இருந்துச்சின்னு தெரியாதுல்ல?"

"போடா லூசு" என்றார்.

கொக்குப் படம் அதுவரை எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. இந்த முறை நான் விடவில்லை. போனில் ஒரு குழு ஆரம்பித்தேன். ஏனாத்தூர் கல்லூரிப் பிள்ளைகள், திருப்பருத்திக்குன்றத்து அக்கா தங்கை இருவர், ஒரு மருந்துக்கடைக்காரர் என்று கூட்டம் சேர்ந்தது. எங்கே ஒளிந்திருந்தார்களோ இத்தனை பேர்! தியேட்டர் மேனேஜரை நாலைந்து தடவை போய்ப் பார்த்துக் கெஞ்சினேன். "சார், உங்க வார்த்தைய நம்பி வெள்ளிக்கிழமை காலை ஷோ குடுக்கறேன். ரொம்பலைன்னா மத்தியானமே தூக்கிடுவேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார். தெருமுனையில் நின்று தங்கச்சிக்குப் போனில் அந்தச் செய்தியைச் சொன்னேன். அவள் குதித்த குதியில் போன் கீழே விழுந்தது.

அதற்குள் பெரியப்பா படுத்துவிட்டார். வயிற்றில் கட்டி. முற்றிப்போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், கேட்டதை வாங்கிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முன்னறையில் கட்டில் போட்டோம். என் வீடு எதிர்வீடு, அதனால் முக்கால்வாசி நேரம் அங்கேதான். படம் வரும் வாரம் பிறந்தபோது, பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாம் வாசலில் செருப்பை மாட்டும்போது ஒரே மாதிரி சொன்னார்கள்: "அமாவாசையைத் தாண்டாது."

அமாவாசை வியாழக்கிழமை. படம் வெள்ளிக்கிழமை.

சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை பங்காளிகள் நாங்கள் சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமுடியாது. அதற்குள் படம் ஓடிப்போயிருக்கும். எனக்கு முதலில் வந்த நினைப்பு அதுதான். தூக்கி வளர்த்த மனிதர், பஸ்ஸில் என்னைத் தன் ஸீட்டில் உட்காரவைத்து விசில் ஊதக் கொடுத்த மனிதர். அவர் போகப்போகிறார் என்றால் நான் போனில் நாள்காட்டியைப் பார்க்கிறேன். சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

கோயிலுக்குப் போனேன். சாமியிடம் ஆள் பிழைக்கவேண்டும் என்று கேட்பார்கள், இல்லை கஷ்டப்படாமல் போகவேண்டும் என்று கேட்பார்கள். நான் கெடு கேட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வைத்திரு, அதற்கப்புறம் உன் இஷ்டம் என்றேன். திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினபோது பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இளநீரைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். விரலில் மாட்டும் கருவியை வாங்கிவந்து மூச்சு எப்படி இருக்கிறது என்று மணிக்கொருதரம் பார்த்தேன். யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவார்கள்?

புதன்கிழமை காலையில் ஓரிக்கையிலிருந்து அத்தை வந்தாள், பெரியப்பாவுக்குக் கூடப்பிறந்தவள். வந்தவள் கட்டிலருகே நின்று கொஞ்ச நேரம் அவர் முனகுவதைக் கேட்டாள். அப்போது அவருக்கு வலி மாத்திரை உள்ளே இறங்குவதில்லை. விழுங்கினது அப்படியே வெளியே வந்துவிடும். அத்தை இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

"உசிரு இழுத்துக்கினு கெடக்குது. இன்னாத்தையோ நெனச்சிக்கினு போவ மாட்றாரு. மண்ணாசையா இருந்தா மண்ணக் கரைச்சி ஊத்துவாங்க. நமக்கு ஏது நிலம்? அதான் டிப்போ வாசல்ல ஒரு புடி எடுத்துனு வந்தேன். முப்பது வருஷம் அங்கதான கெடந்தாரு. இதக் கரைச்சி ஒரு சொட்டு, அப்புறம் ஆளாளுக்குப் பால் ஊத்துங்க. நிம்மதியா போய்ச் சேரட்டும்."

பெரியம்மா பால் காய்ச்ச எழுந்தாள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா அத்த, அறிவு இருக்குதா உனக்கு? படுத்துக் கெடக்கறவர் வாயில பால ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போவும். மூச்சு முட்டிச் செத்துப்பூடுவாரு. கொலை பண்ணப் பாக்கறீங்களா?"

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எந்த டாக்டரைக் கேட்டாலும் அதையே சொல்லுவார். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை அந்தப் பொட்டலத்தோடு வந்திருந்தால் நான் அவ்வளவு கத்தியிருப்பேனா? அது எனக்குத் தெரியும், சாமிக்கும் தெரியும்.

எல்லாரும் தங்கச்சி முகத்தைப் பார்த்தார்கள், பெற்ற மகள் அல்லவா. "அண்ணன் சொல்றதுதான் சரி. இப்ப வேணாம்" என்றாள். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. அத்தை பொட்டலத்தை சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள்.

அன்று பகலும் மறுநாளும் அவர் பட்ட பாட்டை எழுத எனக்குக் கை வரவில்லை. புரளக்கூட முடியாமல் "யம்மா, யம்மா" என்றார். நான் கால் பிடித்துவிட்டேன். இடையிடையே போனில் டிக்கெட் கேட்டவர்களுக்குப் பதில் போட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விசிறிக்கொண்டிருந்தேன். பெரியப்பா கண்ணைத் திறந்தார். முனகல் அடங்கி, பேச்சு தெளிவாக வந்தது.

"படம் முடிஞ்சிருச்சாபா?"

எனக்கு விசிறி கையிலேயே நின்றுவிட்டது. "எந்தப் படம் பெரியப்பா?"

"பொம்மப் படம்."

"இல்ல பெரியப்பா. நாளிக்குக் காலைல."

"நாளிக்கா…" கண்ணை மூடிக்கொண்டார். நீளமாக மூச்சு விட்டார். "சரி. பாக்கறேன்."

தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அந்த வாரம் முழுக்க நானும் தங்கச்சியும் அவர் கட்டிலுக்கு மேலேயே குசுகுசுவென்று பேசினோம். எத்தனை பேர் வருகிறார்கள், அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது, எல்லாம். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. படம் கிடக்கிறது பெரியப்பா, நீங்கள் எதற்கு வலியைத் தாங்கிக்கொண்டு என்று அப்போதே அவர் காதில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. தலையைத் திருப்பினால் தங்கச்சி எனக்குக் கொண்டுவந்த கஞ்சித் தம்ளரோடு உள்வாசலில் நிற்கிறாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. தம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு அவள் வருவாளா என்று பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "நான் வரலண்ணா. நீ போ. அத்தினி பேர வரச்சொல்லிட்டு நீ இல்லன்னா எப்படி?" என்றாள். கடையில் அவசர வேலை என்று பெரியம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுப் போனேன்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. கல்லூரிப் பிள்ளைகள் காகிதக் கொக்கு மடித்துக்கொண்டு வந்து பறக்கவிட்டார்கள். விசில் காதைக் கிழித்தது. மேனேஜர் என் தோளில் தட்டினார். பக்கத்து ஸீட்டில் என் பையை வைத்திருந்தேன், யாரையும் உட்காரவிடவில்லை.

படமாவது மோசமாக இருந்திருக்கலாம். இல்லை. ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எனக்குக் கட்டில், அத்தை, முனகல் எல்லாம் மறந்துபோயிற்று. சுத்தமாக மறந்துபோயிற்று. கடைசியில் குலுங்கிக் குலுங்கி அழுதேன். பெரியப்பாவுக்காக அதுவரை ஒரு சொட்டு விடாதவன், யாரோ வரைந்த கொக்குக்காகச் சட்டை நனைய அழுதேன். விளக்கு போட்டதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பை உதறிவிட்டு நேரே கட்டிலுக்குப் போனேன். பெரியப்பாவின் கண் பாதி திறந்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். குனிந்து காதோடு வாயை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பெரியப்பா, படம் முடிஞ்சிருச்சு" என்றேன். உதடு லேசாக அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது.

"சாமி பேரு சொன்னியாபா காதுல?" என்றாள் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா."

பாலில் பஞ்சை நனைத்து நானே அவர் உதட்டில் வைத்தேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்ப மட்டும் நுரையீரலுக்குப் போவாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்புறம் அவளும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துளி கரைத்து வைத்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கும்வரை தங்கச்சி என்னிடம் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. படம் அதற்குள் ஊரைவிட்டுப் போயிருந்தது. சாப்பிட்டவர்கள் எல்லாம் கிளம்பின பிறகு, கழுவிய அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சி?"

"ஒண்ணும் பெருசா இல்லமா. சுமார்தான். நீ ஒண்ணும் இழந்துடல."

அவள் அண்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "பொய் சொல்லாதண்ணா. எங்கப்பா அந்தப் படத்துக்காக வலியத் தாங்கினு கெடந்தாரு. அன்னிக்கு அவர் கேட்டது எனக்கும் கேட்டுச்சி. நானும்தான் வாயத் திறக்கல." "நல்லா இல்லன்னு மட்டும் சொல்லாத."

"நல்லா இருந்துச்சிமா" என்றேன். "ரொம்ப நல்லா இருந்துச்சி."

அவள் ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள்.