ஷிப்ட் மாறும் நேரத்துச் சிவப்பு விளக்கு

மஞ்சுளாவை அசெம்பிளி லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றிய மீட்டிங்கில் நானும் இருந்தேன். மாற்றக் காரணமே நான்தான்.

ஓசூரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் சாஃப்ட்வேர் பிரிவு என் பொறுப்பு. போல்ட் முடுக்கும் ஸ்டேஷன்களில் ஸ்கிரிப்டுகளை ஓட்ட நானே ஒரு சின்ன விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர், எழுதியிருந்தேன். அதைப் பற்றி எனக்கு ரொம்பப் பெருமை. கேன்டீனில் சாம்பார் ஊற்றுகிறவரைத் தவிர எல்லாரிடமும் பீற்றியிருக்கிறேன்.

அந்த மெஷினில் ஒரு ஸ்டேஷனின் விவரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் இரண்டு பாகம். எந்த அட்ரிபியூட் (விவரம்) எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று. மதிப்புகள் இருக்கும் வரிசை இன்னொன்று. ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு திரெட். மாற்றுகிற திரெட்டுக்கு மட்டும் லாக் வைத்தேன், ஒன்று மாற்றி முடிக்கும்வரை இன்னொன்று மாற்ற முடியாது. சும்மா படிக்கிற திரெட்டுக்கு லாக் எதற்கு, வேகம் குறையுமே என்று விட்டுவிட்டேன்.

மஞ்சுளா கெலவரப்பள்ளிப் பக்கத்தவர். காண்ட்ராக்டில் இருந்தார், பர்மனென்ட் ஆக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவர் ஸ்டேஷனில் நல்ல பம்புகளுக்கும் அவ்வப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. சில வாரத்தில் ஒரு டிராலி முழுக்க ரிஜெக்ட்.

"மிஷின் தானா சிவப்பு காட்டுது சார். நான் எதையும் அமுக்கல" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, சாஃப்ட்வேர்ல ஏதாச்சும் இருக்குமா?"

"வாய்ப்பே இல்லீங்க சார். ஆபரேட்டர் மிஸ்டேக்தான்" என்றேன், லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். அதோடு முடிந்தது.

அவர் இடத்துக்கு வந்த பெண்ணுக்கும் சிவப்பு எரிந்தது. அதுவும் ஷிப்ட் மாறும் நேரத்தில். அப்போதுதான் அந்த நேரத்தில் லைனுக்குப் போய் நின்று பார்த்தேன். அதுவரை ஒரு தடவைகூடப் போனதில்லை என்பதை எப்படிச் சொல்வது?

நான் எழுதிய மேனுவல்படி முதல் ஆள் லாக்-அவுட் ஆக வேண்டும், பிறகுதான் அடுத்தவர் லாக்-இன். இடையில் லைன் நிற்கும். படிக்கிற திரெட்டும் சும்மா இருக்கும். நான் டெஸ்ட் செய்ததும் அப்படித்தான். ஆனால் அடுத்த ஷிப்ட் ஆட்கள் வரும் கிருஷ்ணகிரி பஸ் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? லைனை நிறுத்தினால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். அதனால் அடுத்த ஆள் கார்டைத் தட்டிய பிறகுதான் முதல் ஆள் வெளியே தட்டுவார். அங்கே எல்லாரும் அப்படித்தான்.

லாக்-இன் ஆனபோது சேர்ந்த போகிற ஆளின் அட்ரிபியூட், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கும். நீங்கியதும் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஓரிடம் முன்னே நகரும். படிக்கிற திரெட் பழைய அட்டவணையைப் பார்த்துவிட்டுப் புதிய வரிசையில் கை வைக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்கிற டார்க் லிமிட்டைக் கேட்டால் பக்கத்திலிருக்கும் வேறு எண் வரும். நல்ல போல்ட்டுக்குச் சிவப்பு.

சரிசெய்வது பெரிய வேலையே இல்லை. ஆப்ஜெக்ட் மாறத் தொடங்கும்போதும் மாறி முடிந்ததும் ஏறும் ஒரு எண் வைத்தேன். மாற்றம் நடக்காத நேரத்தில் படிக்கத் தொடங்கி, முடித்த பிறகும் எண் அதேதான் என்றால் படித்தது செல்லும். இல்லையென்றால் மறுபடி படிக்க வேண்டும்.

மேனேஜரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "அப்டேட் போட்டாச்சில்ல, விடு" என்றார். மஞ்சுளாவைப் பற்றிக் கேட்டேன். பர்மனென்ட் ஆனவர்களின் பெயர்கள் வெளிவந்துவிட்டன என்றார். அடுத்த முறை அவர் பெயர் வர வேண்டும் என்று இன்றுவரை நச்சரிக்கிறேன். அப்படியும் என் கூச்சம் குறைந்தபாடில்லை.

பேக்கிங்குக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். டேப் ஒட்டிக்கொண்டே கேட்டார்.

"மிஷின் தப்பா படிச்சது சரிங்க சார். அன்னிக்கு மீட்டிங்ல நீங்க என் மூஞ்சியக்கூட பாக்கலியே."

அடுத்த பெட்டியை இழுத்துக்கொண்டார்.

இளைய இன்ஜினியர்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. லாக் இல்லாமல் படிக்கலாம், தப்பில்லை. படித்ததை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். மெஷினுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு அது மஞ்சுளா சொல்லித்தான் தெரிந்தது.