சாம்பலும் இரும்புக் குளிசையும்

செடி மஞ்சளாகிறது என்றால் அதற்குப் பசி என்றுதான் ஐம்பத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். பசித்தால் போட வேண்டும். போட்டும் மஞ்சள் போகவில்லையா, இன்னும் போட வேண்டும். விருந்தாளி தட்டைக் கையால் மறைக்க மறைக்க, விரலிடுக்கு வழியாகக் கறி ஊற்றுகிற ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தோடுதான் கஞ்சாச் செடியையும் வளர்க்கப் போனேன்.

யாரும் பயந்துவிட வேண்டாம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் வீட்டுக்கு நாலு செடி சட்டப்படி வளர்க்கலாம். எனக்கென்று அந்த ஆசை இருந்ததில்லை. அரைப் போத்தல் பியருக்கே பாட்டுப் பாடத் தொடங்குகிறவன் நான். செடி அத்தானுக்காக. அக்காவின் கணவர், ஒஷாவாவில் இருக்கிறார். முப்பது வருடம் கார் உதிரிப்பாகங்களைத் தூக்கித் தூக்கித் தோள்மூட்டு தேய்ந்து, சத்திரசிகிச்சையும் செய்தாயிற்று. படுத்தால் நோவு எழுப்பிவிடும். ஒரு வருடமாகச் சாய்கதிரையில் இருந்தபடியே உறங்கிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் கேட்டுவிட்டு, கடையில் சின்னப் போத்தல் கஞ்சா எண்ணெய் வாங்கிப் பார்த்தார். அது முடியும் வரை கட்டிலில் படுத்தார். இரண்டாவது போத்தல் வாங்கப் போனபோது கவுண்டரில் நின்றது அவருடைய கோயில் நிர்வாகசபைத் தலைவரின் மகள். அத்தான் ஒரு லைட்டர் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அவர் புகைப்பதில்லை.

"ஒன்லைனிலை எடுக்கலாமே?" என்று கேட்டேன்.

"லொபியிலை பார்சல் கிடந்தால் முழு பில்டிங்கும் மணந்து பாக்கும். டேய், உனக்கெண்டு பின்வளவு கிடக்கு. நாலு செடி வை. ஒக்டோபருக்குள்ளை எண்ணெய் வந்தால் நான் திருப்பிக் கட்டிலைக் காணுவன்."

நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். ஜூலையும் ஓகஸ்டும் எனக்கு வேலையில்லை. வேலையில்லாத மனிதனிடம் ஒரு செடியை ஒப்படைப்பது அந்தச் செடிக்குச் செய்கிற பெரும் பாவம்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில், வேலியோரம், நாலு பெரிய சட்டிகள் வைத்தேன். கடையில் வாங்கிய மண்ணை நிரப்பி, நாலு கன்றுகளை நட்டேன். மேலே, ஆட்டிறைச்சி சுட்ட பார்பிக்யூவின் கரிச்சாம்பலை அள்ளித் தூவினேன். சாம்பல் போடாமல் தோட்டம் செய்த யாழ்ப்பாணத்து ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. கத்தரிக்குப் பூச்சி வந்தாலும் சாம்பல், மிளகாய் சோர்ந்தாலும் சாம்பல். ஜூன் முழுக்க, கிழமைக்கு ஒரு பால்மா ரின் அளவு போட்டேன். அந்தக் கோடையில் நாங்கள் நிறைய ஆட்டிறைச்சியும் சுட்டோம்.

ஜூலை நடுவில் மேல் இலைகள் வெளிறின. நரம்புகள் மட்டும் பச்சை, இடையெல்லாம் எலுமிச்சை மஞ்சள். அத்தான் தினமும் பின்னேரம் போன் எடுப்பார்.

"பிள்ளையள் என்ன மாதிரி?"

"சோக்கா நிக்குதுகள், அத்தான்."

பொய் சொன்ன கையோடு போய் இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன். அடுத்த நாள் அரிசி கழுவின தண்ணீர். அதற்கடுத்த நாள் வாழைப்பழத் தோலும் முட்டைக் கோதும். பிறகு, விளைமீன் தலைகள் நாலைக் குழம்புக்குப் போகவிடாமல் கடத்திக்கொண்டுபோய் ஆளுக்கொன்றாகப் புதைத்தேன்.

காலையில் பார்த்தால், பின்வளவு கலியாணத்துக்கு மறுநாள் மண்டபம் போலக் கிடந்தது. இரவில் குப்பைத்தொட்டி கிளறுகிற ரக்கூன்கள் நாலு சட்டியையும் தோண்டி, தலைகளைத் தின்று, ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் புல்லில் கிடத்திவிட்டுப் போயிருந்தன. நாலு மூன்றானது.

மனைவி சமையலறை யன்னலைத் திறந்தாள். "இஞ்சேருங்கோ, உதென்ன மணம்? பின்னுக்கு மீன்கடை திறந்திட்டியளே?"

"உரம்," என்றேன்.

"குழம்புக்கு வாங்கின தலையள் எங்கை?"

"ரக்கூன் திண்டிட்டுது." அது உண்மைதான்.

அன்றைக்குத்தான் இணையத்தில் தேடினேன். நரம்பு பச்சையாகவும் இடை மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு என்று போட்டிருந்தது. முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு, கராஜுக்கு ஓடினேன். துருப்பிடித்த ஆணிகளைச் சட்டிக்கு ஒரு பிடி குத்தினேன். மூன்று நாள் காத்திருந்தேன். மஞ்சள் கீழே இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது போன் வந்தது. "ஞாயிற்றுக்கிழமை அக்காவோடை வாறன். பிள்ளையளைக் கண்ணாலை பாக்கவேணும்."

குளியலறை அலுமாரியில் என் மனைவியின் இரும்புக் குளிசைகள் இருந்தன. இரத்தம் குறைவென்று டாக்டர் எழுதிக்கொடுத்தவை. ஒரே ஒரு குளிசை போதும் என்றுதான் போத்தலைத் திறந்தேன். பிறகு ஒரு செடிக்குக் கொடுத்து மற்றதுக்குக் கொடுக்காமல் விடுவது சரியில்லையென்று தோன்றியது. கடைசியில் முழுப் போத்தலையும் உரலில் இடித்துக் கரைத்து மூன்றுக்கும் பங்கிட்டு ஊற்றினேன்.

ஞாயிறு காலை அத்தானும் அக்காவும் வந்து பின்வளவில் நின்றபோது, உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"என்ரை குளிசைப் போத்தில் ஏன் வெறுமையாக் கிடக்கு?"

நான் செடியைப் பார்த்தேன். அத்தான் என்னைப் பார்த்தார். "டேய்," என்றார் மெதுவாக, "உண்மையாவோ?"

மனைவி கோபத்தோடுதான் வெளியே வந்தாள். ஆனால் இலைகளைக் கண்டதும் கோபத்தை ஒத்திவைத்துவிட்டாள். அவளுக்கு சோஸ் போத்தலில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. புளிப்புப் பார்க்கும் காகிதத் துண்டுகள் அவளுடைய வேலைக் கோட்டின் பையில் எப்போதும் கிடக்கும். ஸ்திரிப்பெட்டிக்கு ஊற்றுகிற காய்ச்சிவடித்த தண்ணீரில் ஒரு கரண்டி மண்ணைக் கலக்கினாள். தெளியவிட்டு, காகிதத்தை நனைத்துத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கடை சோஸுக்கு உது செம்மஞ்சளா வரும். இப்ப பாருங்கோ, நீலம். என்ன போட்டனீங்கள்?"

"கொஞ்சம் சாம்பல்."

"எவ்வளவு நாளா?"

"ஜூன் தொடக்கம்."

அக்கா தலையில் கைவைத்தாள். மனைவி எனக்கில்லை, அத்தானுக்குச் சொன்னாள்: "அண்ணை, மண்ணிலை இரும்பு கிடக்கு. சாம்பல் கூடி மண்ணிலை புளிப்பில்லாமல் போனதாலை வேரால அதை எடுக்க ஏலாது. உவர் அலுமாரியைப் பூட்டிப்போட்டு, உள்ளுக்கை சோத்தை அடுக்கிக்கொண்டு நிண்டிருக்கிறார். என்ரை குளிசையையும் சேத்து."

அத்தான் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு மஞ்சள் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப, ஒக்டோபருக்குச் சரிவராது, என்ன?"

நான் குனிந்து, சட்டியில் குத்திய ஆணியொன்றைப் பிடுங்கி எடுத்தேன்.

மனைவி கராஜின் பின்னால் போனாள். அங்கே அவளுடைய கறுப்புப் பெட்டி இருக்கிறது. இரண்டு வருடமாகத் தேயிலைச் சக்கையும் மரக்கறித் தோலும் அதற்குள்தான் போகும். நான் கூட்டிப் பையில் கட்டித் தெருவோரம் வைத்த மேப்பிள் இலைகளையும் அவள் திருப்பி இழுத்துவந்து அதற்குள் கொட்டுவாள். குப்பையைச் சேர்த்து வைக்கிறாள் என்று வருகிற ஆட்களிடமெல்லாம் நான் நக்கலடிப்பேன். மூடியைத் திறந்தாள். உள்ளே கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு இருந்தது. புழுக்கள் நெளிந்தன.

"மிளகாய் பூக்கேக்கை போட வைச்சது," என்றாள். பிறகு இரண்டு வாளி நிறைய அள்ளித் தந்தாள்.

செடிகளைப் பிடுங்கினோம். வேரில் ஒட்டிய சாம்பல் மண்ணை உதறி, பீப்பாயில் பிடித்திருந்த மழைத் தண்ணீரில் கழுவினோம். பீட்மொஸ் என்கிற, புளிப்புத் தன்மையுள்ள மக்கிய பாசி ஒரு பங்கு, அவளுடைய கறுப்பு மண் ஒரு பங்கு, புதுமண் ஒரு பங்கு. அத்தான் ஒற்றைக் கையால் கலந்தார். ஆணிகளை அக்கா பொறுக்கினாள்.

"இனி நான் என்ன போடவேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் போடக்கூடாது. காய்ஞ்சால் தண்ணி. மிச்சத்தை மண்ணுக்குள்ளை இருக்கிற சீவன்கள் பாக்கும். நீங்கள் சும்மா இருங்கோ."

என் வாழ்க்கையில் அவ்வளவு கடினமான வேலையை நான் செய்ததில்லை. காலையில் கோப்பியோடு போய் நிற்பேன். கை பரபரக்கும். யன்னலிலிருந்து ஒரு குரல் வரும்: "உங்கை என்ன செய்யிறியள்?" "கதைக்கிறன்," என்பேன். பன்னிரண்டு நாள் கழித்து, இரண்டு செடிகளின் நுனியில் கடும்பச்சையாகப் புது இலைகள் வந்தன. பழைய மஞ்சள் இலைகள் கடைசி வரை மஞ்சளாகவே இருந்து உதிர்ந்தன.

மூன்றாவது செடி ஓகஸ்டில் செத்தது. மற்ற இரண்டும் செப்டெம்பரில் பூத்தன. முதல் உறைபனிக்கு முன் வெட்டிக் காயவைத்தோம். தேங்காயெண்ணெயில் மனைவி காய்ச்சினாள். ஒரு ஜாம் போத்தல் வந்தது. எவ்வளவு எடுக்கலாம் என்று அத்தான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். முதல் இரண்டு இரவும் கதிரையில்தான். மூன்றாம் இரவு கட்டிலில் படுத்து விடியும் வரை எழும்பவில்லை என்று அக்கா போன் எடுத்துச் சொன்னாள்.

மனைவி குளிசைப் போத்தலை இப்போது கைப்பையில் வைத்திருக்கிறாள். அவளுடைய மிளகாய்ச் செடிகள் அந்த வருடம் ஒரு கைப்பிடிதான் காய்த்தன.